பிளாசாவின் பின்னோட்டத் தடுப்புக் கருவி: செலவு யாருடையது?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் (கடைத்தொகுதியில்) வாடகைக்கு இடம் எடுத்து உணவகம் நடத்துகிறேன். கட்டடத்தின் தண்ணீர் மீற்றருக்கு அருகே பின்னோட்டத் தடுப்புக் கருவி பொருத்தி ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று மாநகரசபை உரிமையாளருக்கு அறிவித்துள்ளதாம். அந்தச் செலவுகளில் என் பங்கைப் பத்து நாட்களுக்குள் கட்டுமாறு முகாமை நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. என் சோடா இயந்திரத்தின் வால்வுக்கும் நானே சோதனை அறிக்கை தர வேண்டுமாம். நான் மறுக்கலாமா? கட்டிவிட்டு வாடகையில் கழிக்கலாமா?

பதில்: மாநகரசபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டட உரிமையாளர். ஆனால் இறுதியில் பணம் யாருடைய பையிலிருந்து போகும் என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தமே தீர்மானிக்கும். எது எப்படியானாலும், ஒப்பந்தத்தை வாசித்து முடிப்பதற்கு முன் வாடகையில் ஒரு டொலரைக்கூடக் கழிக்காதீர்கள்.

முதலில், மாநகரசபையின் கோரிக்கை நியாயமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் பிரதான குழாய் உடைந்தாலோ, தீயணைப்புப் படையினர் பெருமளவு நீரை இழுத்தாலோ குழாயின் அழுத்தம் திடீரென வீழ்ந்து, கட்டடத்துக்குள் இருக்கும் நீர் தெருக் குழாய்க்குத் திரும்ப உறிஞ்சப்படலாம். இதைத்தான் பின்னோட்டம் என்கிறோம். கொதிகலனோ பம்போ உள்ளேயிருந்து எதிர்த்துத் தள்ளினாலும் அதே நிலைதான். தரை கழுவும் வாளிக்குள் அமிழ்ந்து கிடக்கும் ஒரு ரப்பர் குழாயே இதற்குப் போதும். சோடா இயந்திரத்தின் கரியமில வாயு செப்புக் குழாய்க்குள் பின்வாங்கினால், அமிலமாகிவிட்ட நீர் செம்பைக் கரைத்து, அதைக் குடிப்பவருக்கு வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும்.

இதனால்தான் ரொறன்ரோ மாநகரச் சட்டக்கோவையின் 851ஆம் அத்தியாயம், வணிகக் கட்டடங்களில் பின்னோட்டத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கி, தகுதிச் சான்றிதழ் பெற்றவர் அதை ஆண்டுதோறும் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்கிறது. தொழில்நுட்ப அளவுகோல் கனடியத் தர நிர்ணயமான சி.எஸ்.ஏ. பி64.10 ஆகும். கருவியைப் பொருத்துவதற்குக் கட்டட அனுமதியும் தேவை. அது பெறப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் 20ஆம் பிரிவையும் நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். உடல்நலத்துக்கு ஆபத்தான எதையும் குடிநீர்த் தொகுதிக்குள் புகச் செய்வதையோ புக அனுமதிப்பதையோ அது எவருக்கும் தடை செய்கிறது. வாடகைக்காரரும் அதற்கு விலக்கல்ல.

இனிச் செலவுக்கு வருவோம். பிளாசா ஒப்பந்தங்களில் வழமையாக வரி, பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றை ரி.எம்.ஐ. என்ற பெயரில் வாடகைக்காரரிடம் அறவிடும் பிரிவு ஒன்று இருக்கும். ஆண்டுச் சோதனைக் கட்டணம் பெரும்பாலும் பராமரிப்புக்குள் அடங்கிவிடும். அதை எதிர்த்து வாதாடுவதில் உங்களுக்குப் பயன் குறைவு. புதிய கருவியை வாங்கிப் பொருத்துவது அப்படியல்ல. அது கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, உங்கள் தவணை முடிந்த பின்னும் பல ஆண்டுகள் உரிமையாளருக்குப் பயன்படப்போகும் மூலதனச் செலவு. மூலதனச் செலவுகளை ஒப்பந்தம் விலக்கியிருந்தால் நீங்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் பிரித்து அறவிடச் சொல்லியிருந்தால், முழுத் தொகையையும் ஒரேயடியாக அவர்கள் கேட்க முடியாது. ஒப்பந்தம் தெளிவாக இல்லாவிட்டால், 2014இல் சட்வா வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் கூறியபடி, அதன் சொற்கள் ஒப்பந்தம் செய்யப்பட்ட வேளையின் சூழ்நிலையோடு சேர்த்து வாசிக்கப்படும். ஆகவே விலைப்பட்டியல்களையும் மாநகரசபையின் அறிவித்தலையும் உங்கள் பங்கு கணக்கிடப்பட்ட முறையையும் முகாமை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வாடகையில் கழிக்கும் உங்கள் எண்ணம்தான். பல ஒப்பந்தங்கள் ரி.எம்.ஐ. தொகைகளை ‘மேலதிக வாடகை’ என்று வரையறுக்கின்றன. அப்படியானால் அதைக் கட்டாமல் விடுவது வாடகை கட்டாததற்குச் சமம். ஒன்ராறியோ வணிகக் குத்தகைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, வாடகை உரிய நாளிலிருந்து 15 நாட்கள் நிலுவையில் கிடந்தால், முறையான கோரிக்கை எதுவும் விடுக்காமலே உரிமையாளர் இடத்தை மீளக் கைப்பற்றலாம். ஒரு காலை நீங்கள் கடைக்கு வரும்போது பூட்டு மாற்றப்பட்டிருக்கும். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடி நிவாரணம் கேட்க வழியுண்டு. ஆயினும் குளிர்சாதனப் பெட்டியிலுள்ள உணவு நீதிமன்றத் திகதி வரும்வரை காத்திருக்காது. மாறாக, வாடகையல்லாத வேறொரு நிபந்தனையை நீங்கள் மீறியதாகக் கூறினால், 19ஆம் பிரிவின்படி அவர்கள் முதலில் எழுத்தில் அறிவித்து, அதைச் சீர்செய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும்.

ஆகையால், உரிமையாளர் கேட்கும் தொகை ‘மேலதிக வாடகை’ வரையறைக்குள் வரக்கூடுமானால், எதிர்ப்புடன் கட்டுவதாகவும், மீளக் கோரும் உரிமையைக் கைவிடவில்லை என்றும் தெளிவாக எழுதி, அக்கடிதத்தோடு பணத்தைக் கட்டுங்கள். எதிர்ப்புத் தெரிவிக்காமல் கட்டிய பணத்தைப் பின்னர் திரும்பக் கேட்பது கடினம். வழக்குத் தொடரப் பொதுவான கால எல்லை 2 ஆண்டுகள்.

சோடா இயந்திரத்தைப் பொறுத்தவரை, கருவி உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதே. மீற்றரருகே உள்ள பெரிய கருவி தெருக் குழாயைக் காக்குமேயன்றி, உங்கள் சமையலறைக் குழாயையும் அயல் கடைகளின் குழாய்களையும் காக்காது. ஆனால் கோரிக்கையின் ஒரு பகுதி பொருந்தாமல் இருக்கலாம். மீற்றரருகே பொருத்தப்படும் அழுத்தக் குறைப்பு வகைக் கருவியில் சோதனைக் குழாய்முனைகள் இருக்கும். சோதனையாளர் அங்கே அழுத்தமானியை இணைத்து, அழுத்த வேறுபாடு 14 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்குமுன், நீரை வெளியே கொட்டிவிடும் வெளியேற்று வால்வு திறக்கிறதா என்று பார்ப்பார். சோடா இயந்திரங்களில் வழமையாக உள்ள சிறிய இரட்டைத் தடுப்பு வால்வில் அத்தகைய முனைகள் இல்லை. அதை அவ்வாறு சோதித்து அறிக்கை எழுத முடியாது. உங்களுடையது எந்த வகை என்பதைச் சான்றிதழ் பெற்ற சோதனையாளரிடம் எழுத்தில் பெற்று, அதன் பிரதியை முகாமை நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

பெரிய கருவியைச் சோதிக்கும்போது கட்டடத்துக்கான நீரை நிறுத்த வேண்டியிருக்கும். நீர் இல்லாத வேளையில் உணவகம் இயங்க முடியாது. எனவே சோதனையை நீங்கள் கடை திறக்கும் நேரத்துக்கு முன் வைத்துக்கொள்ளவும், திகதியை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.