பாஸ் பிரியர்களுக்கு ஏற்ற இயர்போன் எது? வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை: பாஸ் எனப்படும் கனமான, தாழ்ந்த ஒலியை விரும்புகிறவர்கள், காதுக்குள் செருகும் இயர்போனை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனவே இந்த இதழில் அக்கடிதங்களுக்கு மட்டுமே பதில் தருகிறேன்.

கேள்வி: 14 மி.மீ. டிரைவர், ‘எக்ஸ்ட்ரா பாஸ்’, 10 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்றெல்லாம் பெட்டியில் போட்டிருந்த ஓர் இயர்போனை வாங்கினேன். என் நண்பனின் பழைய 10 மி.மீ. இயர்போன் இதைவிட நன்றாக அதிர்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வேறு எதை வாங்கலாம்? – கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: வேறொன்றை வாங்குவதற்கு முன்பு, கையில் இருப்பதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலி அதிகமுள்ள பாடல் ஒன்றை ஓடவிட்டு, இரு இயர்போன்களையும் விரலால் மென்மையாகக் காதுக்குள் அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் கூடி, விரலை எடுத்ததும் குறைந்தால், குறை டிரைவரில், அதாவது இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் பகுதியில் இல்லை. இயர்போனின் ரப்பர் நுனிக்கும் காதுத்துளையின் சுவருக்கும் இடையே காற்று கசிகிறது. காதுக்குள் அடைபட்ட அந்தச் சிறிய காற்றறையின் அழுத்தத்தை மாற்றித்தான் இயர்போன் தாழ்ந்த ஒலியைச் செவிப்பறைக்குக் கொண்டுசேர்க்கிறது. சிறு இடைவெளி இருந்தாலும் முதலில் வெளியேறுவது அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களே. பாடகரின் குரலும் சிம்பலின் ஒலியும் ஏறத்தாழ அப்படியே கேட்பதால், கசிவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஓட்டை விழுந்த துருத்தியை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் உலை எரியாததைப் போல, கசிவுள்ள காதில் 14 மி.மீ. டிரைவரும் பயன்படாது.

பெரும்பாலான இயர்போன்களுடன் சிறியது, நடுத்தரமானது, பெரியது என மூன்று அளவுகளில் ரப்பர் நுனிகள் வருகின்றன. பலரும் பொருத்தி வந்த நடுத்தர அளவையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடக் காதுக்கு ஓர் அளவும் வலக் காதுக்கு வேறு அளவும் பொருந்துவது மிக இயல்பானது. ரப்பர் எதுவும் நிற்கவில்லையென்றால் நுரை நுனிகளை வாங்குங்கள். அவை நசுங்கி உள்ளே சென்று, விரிந்து, காதின் வடிவத்துக்கு ஏற்ப அமர்ந்துகொள்ளும். ஆனால் மலையில் இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இந்த நுரை குளிரில் விறைத்துவிடும். மார்கழிக் காலையில் மேசையிலிருந்து எடுத்து அப்படியே செருகினால் அது விரியாது, பாஸும் வராது. உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்திவைத்துச் சூடேற்றி, விரல்களால் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்த பின் அரை நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள்.

பெட்டியிலுள்ள எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பதைக் குறிக்கும் அலகு. மனிதக் காது கேட்கும் எல்லை பொதுவாக 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. ‘10 ஹெர்ட்ஸ் முதல்’ என்று அச்சிடுகிறவர், அந்த இடத்தில் ஒலி எத்தனை டெசிபல் குறைந்துவிடுகிறது என்பதையும் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பெரும்பாலும் அது சொல்லப்படுவதில்லை. டிரைவரின் குறுக்களவும் அப்படித்தான்: சவ்வின் பொருள், பின்னாலுள்ள காற்றறை, காற்றுத் துளையின் அளவு ஆகியவை சரியாக அமைந்த 10 மி.மீ. டிரைவர், அவை சரியாக அமையாத 14 மி.மீ. டிரைவரை எளிதாக விஞ்சும். டிரைவரின் வகையைக் கவனிப்பது கூடுதல் பயன் தரும். சவ்வும் சுருளும் கொண்ட டைனமிக் டிரைவர் தாழ்ந்த ஒலிக்கு உடலும் அதிர்வும் தரும். காது கேளாதோருக்கான செவிக் கருவிகளுக்காக உருவாகி வந்த பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை நுணுக்கமானது, ஆனால் பாஸ் பிரியர்களுக்கு அது தனியாகப் போதாது. இரண்டையும் சேர்த்த கலப்பு வகையில், பாஸுக்கு டைனமிக் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

இரண்டாயிரம் ரூபாய்தான் வரம்பு என்றால் வயர் உள்ளதையே பரிந்துரைப்பேன். வயர் இல்லாத இயர்பட்ஸில் அதே பணம் மின்கலம், ப்ளூடூத் சில்லு, மைக், சார்ஜிங் பெட்டி எனப் பிரிந்துபோகிறது. வயர் உள்ளதில் பெரும்பகுதி டிரைவருக்கும் அதன் வெளிக்கூட்டுக்கும் செல்கிறது. தங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் டைப்-சி இணைப்பானுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விடும்படியான வடிவம் நமக்கு மிகவும் நல்லது. ஸ்வெட்டரிலும் மஃப்ளரிலும் வயர் உரசும்போது எழும் ‘தொப் தொப்’ ஒலி நேராகக் காதுக்கு ஏறி பாஸோடு கலந்துவிடும். காதைச் சுற்றி வரும் வயரில் அது வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: வீட்டில் அருமையாகக் கேட்கும் பாஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வரும்போது காணாமல் போகிறது. ஒலியை முழுவதும் கூட்டினாலும் போதவில்லை. பாதி வழியில் காதும் அடைத்துக்கொள்கிறது. – அரசு ஊழியர், உதகை

பதில்: இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் முக்கி ஏறும் பேருந்தின் எஞ்சின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்தது. உங்கள் பாடலின் பாஸ் இருக்கும் இடமும் அதுவே. உரத்த இரைச்சல் தன் அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். ரப்பர் நுனியின் அடைப்பு உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்குமே தவிர, எஞ்சின் உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. நாய்ஸ் கேன்சலிங் என்னும் நுட்பம் இங்கேதான் கைகொடுக்கிறது: மைக் வெளி இரைச்சலை எடுத்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கிறது. இந்தக் கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் பெரியது என்பதால் அவற்றில் இந்த நுட்பம் மிகச் சிறப்பாக வேலை செய்யும். தினமும் மலை ஏறி இறங்குகிறவர், பணம் இருந்தால், பாஸுக்காகவே நாய்ஸ் கேன்சலிங் உள்ளதை வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இரைச்சல் இறங்கியவுடன் அதே பாஸ் மிகக் குறைந்த ஒலியளவிலேயே மீண்டும் கேட்கத் தொடங்கும். பேருந்தின் ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் காற்று மைக்கில் மோதி வேறோர் இரைச்சலை உண்டாக்கும். அப்போது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

காதடைப்பு வேறு விஷயம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. உதகை 2,200 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நடுக்காதின் அழுத்தம் அதற்கு ஈடாக மாறும்வரை செவிப்பறை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு விறைத்து நிற்கும். எல்லா ஒலியும் மந்தமாகும், குறிப்பாகத் தாழ்ந்த ஒலி. அந்த நேரத்தில் ஒலியைக் கூட்டுவது முற்றிலும் தவறு. இயர்போனைக் கழற்றிவிட்டு, எச்சில் விழுங்குங்கள் அல்லது கொட்டாவி விடுங்கள். காது திறந்த பிறகு மீண்டும் செருகுங்கள். கூட்டில் காற்றுத் துளை உள்ள இயர்போன்கள் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. காதில் செருகும்போது மெல்லிய ‘கிரக்’ ஒலி கேட்டால், அடைபட்ட காற்று டிரைவரின் சவ்வை மடக்குகிறது என்று பொருள். அப்படிப்பட்டதை மலைப்பாதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். எல்லா இயர்போனும் ‘டம் டம்’ என்கிறது, ஆனால் மேளம் மேளமாகக் கேட்பதில்லை. நல்ல பாஸ் எது, வெறும் வீக்கம் எது என்று எப்படிப் பிரித்தறிவது? – பழனி வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்கு உங்களைவிடத் தகுதியான நீதிபதி கிடையாது, ஏனென்றால் அந்த ஒலி நேரில் எப்படி இருக்கும் என்பது உங்கள் உடம்புக்கே தெரியும். பாஸ் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஏறத்தாழ 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை உள்ள அடிப்பகுதி, காதால் கேட்பதைவிட நெஞ்சால் உணரும் அதிர்வு. அதற்கு மேல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான் மேளத்தின் உடல் இருக்கிறது. மலிவான ‘பாஸ்’ இயர்போன்கள் பலவற்றில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும் மேடு தட்டிவிடுவார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்கும்போது அது கனமாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து முழுப் பாடலைக் கேட்டால், எல்லாத் தாளமும் ஒரே சுருதியில் முழங்கி, பாடகரின் குரலின் கீழ்ப்பகுதியை மூடிவிடும்.

கடைக்குப் போகும்போது நீங்கள் நேரில் நன்கறிந்த உறுமிப் பதிவு ஒன்றை போனில் எடுத்துச் செல்லுங்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கி ஏறி இறங்கும். நல்ல இயர்போனில் அந்த வழுக்கல் முழுவதும் தொடர்ச்சியாகக் கேட்கும். வீங்கிய இயர்போனில் வழியில் ஓரிடத்தில் மட்டும் திடீரென ஒலி பெருத்து, பிறகு தேய்ந்துவிடும். அடுத்ததாக, நாகசுரக் கச்சேரியில் தவிலைக் கேளுங்கள். தவிலின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் குச்சி விழும் அடி தனியாகவும், அதைத் தொடரும் கார்வை தனியாகவும் கேட்க வேண்டும்; அடுத்த அடி விழுவதற்குள் முந்தைய கார்வை அடங்க வேண்டும். தீர்மானம் என்னும் விரைவான முடிப்புக் கோர்வையில் அடிகள் ஒன்றோடொன்று குழம்பினால் அந்த இயர்போனை மேசையிலேயே வைத்துவிட்டு வரலாம். சோதிக்கும்போது இரண்டு இயர்போன்களின் ஒலியளவும் ஒன்றுபோல இருக்கட்டும். சற்று உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும்.

கேள்வி: ஈக்வலைசரில் பாஸைக் கூட்டினால் பாடல் கரகரக்கிறது. ஏன்? – கூடலூர் வாசகர்

பதில்: பதிவு ஏற்கெனவே தன் உச்ச அளவில் இருக்கிறது. அதற்கு மேல் 6 டெசிபல் கூட்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அந்த வெட்டே கரகரப்பு. ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், ஒட்டுமொத்த அளவை மாற்றும் ‘ப்ரீஆம்ப்’ என்ற அமைப்பு இருந்தால், பாஸை எவ்வளவு கூட்டினீர்களோ அவ்வளவு அதைக் குறையுங்கள். அது இல்லாவிட்டால் பாஸைத் தொடாமல் மற்றப் பகுதிகளைச் சற்று இறக்குங்கள்; பலன் ஒன்றே.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இரவும் பகலும் காதில் இயர்போன்தான். பாஸ் அதிகமாக இருந்தால் காது கெட்டுவிடும் என்கிறார்கள். பிடுங்கி வைக்க மனமும் வரவில்லை. – ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: பிடுங்கி வைக்க வேண்டாம், அம்மா. அவன் எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் கேட்கிறான் என்பதை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிவிடும்: 80-க்கு 40 மணி என்றால், 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. பல போன்களில் ஒலியளவின் மேல்வரம்பைப் பூட்டிவைக்கும் வசதி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

தாழ்ந்த ஒலியை மனிதக் காது இயல்பாகவே குறைவாக உணர்கிறது. ஒலியளவு குறையக் குறைய பாஸ் இன்னும் வேகமாக மறைகிறது. இதைப் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். பாஸ் போதவில்லை என்று நினைக்கும் பிள்ளை ஒட்டுமொத்த ஒலியையும் ஏற்றுகிறான். அப்போது பாஸோடு சேர்ந்து மற்ற அதிர்வெண்களும் ஏறி, உட்காதின் நுண்மயிர்ச் செல்களைத் தாக்குகின்றன. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே தென்படுகிறது. அதாவது, பாஸைத் தேடிப் போகிறவன் இழப்பது பேச்சின் தெளிவை. அந்தச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே நன்றாக அடைத்துப் பொருந்தும், இயல்பிலேயே பாஸ் மிகுந்த இயர்போனை வாங்கித் தருவது அவன் காதுக்குப் பாதுகாப்பானது. பாதி ஒலியளவிலேயே அவனுக்கு நிறைவு கிடைத்துவிடும்.

ஒரு நிபந்தனையை மட்டும் கண்டிப்பாக விதியுங்கள். மாலை மங்கிய பின் தெருவில் நடக்கும்போது இயர்போன் கூடாது. உங்கள் ஊரில் காட்டுமாடுகள் வீட்டு வாசல்வரை வருகின்றன. புதரில் எழும் மூச்சொலியும் வளைவில் வரும் வண்டியின் ஹாரனும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் என் இயர்போனின் ஒரு பக்கம் மட்டும் மெலிதாகிவிடுகிறது, பாஸும் போய்விடுகிறது. வெயில் வந்தால் சரியாகிறது. – கோத்தகிரி வாசகர்

பதில்: வெயிலில் சரியாகிறது என்பதால், ஈரமே காரணம் என்று கொள்ளலாம். குளிரிலிருந்த இயர்போன் காதின் சூட்டுக்குள் போகும்போது, முனையிலுள்ள மெல்லிய வலையில் நீர்த்துளி படிந்து ஒலிவழியை அடைக்கிறது. காது அழுக்கும் சேர்ந்தால் அடைப்பு இறுகிவிடும். ரப்பரைக் கழற்றி, வலை தரையை நோக்கி இருக்கும்படி பிடித்து, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். ஊசியால் குத்தக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது, ஊதினால் இன்னும் ஈரம் ஏறும். இரவில் மூடியுள்ள ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துவிடுங்கள்; புதிய காலணிப் பெட்டிகளில் வரும் பொட்டலமே போதும். அடுத்த முறை வாங்கும்போது ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது தூறலையும் வியர்வையையும் தாங்கும். ஆனால் அந்தக் குறி பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டுமே உரியது, சார்ஜிங் பெட்டிக்கு அல்ல என்பதால், நனைந்த இயர்பட்ஸைத் துடைக்காமல் பெட்டிக்குள் போடாதீர்கள்.