வாசகர் கேள்வி: பர்மாவும் சயாமும்

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஐயா, "பர்மாக்காரனுக்கும் சயாம்காரனுக்கும் ஏழு தலைமுறைப் பகை" என்பார்களாம். எத்தனை போர்? எதற்காக?
(வாசகர், கானாடுகாத்தான்)

ஏழு தலைமுறை என்பது குறைச்சல். 1547-இல் பர்மிய அரசர் தபின்ஷ்வேதி சயாம் மீது, அதாவது இன்றைய தாய்லாந்து மீது, படையெடுத்தது முதல் 1850-கள் வரை சுமார் 300 ஆண்டுகள் நீண்ட பகை அது. தாய்லாந்து இளவரசர் தம்ரோங் 44 போர்கள் என்று எண்ணினார். அயுத்தயா சயாமின் தலைநகராக இருந்த காலத்தில் 24, அதற்குப் பிறகு 20. எல்லைச் சில்லறைச் சண்டைகளும் அந்தக் கணக்கில் உண்டு.

காரணம் நிலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஆள். காடு ஏராளம், உழக் கை குறைவு. அதனால் ஜெயித்தவன் உழவர், கொல்லர், தட்டார், கூத்தாடிகள் என்று ஊர் ஊராக மக்களை ஓட்டிக்கொண்டு போனான். அதற்கு அடுத்தபடி தவாய், மெர்குயி, தெனாசரிம் கரை. வங்கக் கடல் சரக்கு அங்கேதான் இறங்கும். 1563-இல் பர்மிய அரசர் பயின்னௌங் வெள்ளை யானை கேட்டு வந்தது வெறும் சாக்கு.

கேள்வி: ஆறுகள் சூழ்ந்த அயுத்தயா 1767-இல் எப்படி விழுந்தது?
(வாசகி, தேவகோட்டை)

சாவ் பிரயா, லோப்புரி, பாசாக் என மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் தீவாக இருந்த நகரம் அது. ஆனால் அதன் உண்மையான காவல் மதிலோ ஆறோ அல்ல, மழை. பர்மியப் படை மழை ஓய்ந்து கார்த்திகை வாக்கில்தான் கிளம்ப முடியும். புரட்டாசி, ஐப்பசியில் சமவெளி முழுக்க வெள்ளம். எனவே கதவை அடைத்துக்கொண்டு வெள்ளம் வரும்வரை தாக்குப் பிடித்தால் எதிரி தானே கிளம்பிவிடுவான் என்பது அயுத்தயாவின் பழைய உபாயம். 1760-இல் முற்றுகையிட்ட பர்மிய அரசர் அலௌங்பயாவும் நோயில் விழுந்து, மழைக்கு முன்பே திரும்பினார். வழியிலேயே இறந்தார். (பீரங்கி வெடித்துக் காயம் என்பது சயாம் கட்சி.)

அவர் மகன் சின்பியுஷின் அனுப்பிய படை அந்தக் கணக்கை உடைத்தது. தளபதிகள் நேமியோ திஹபதே வடக்கே சியாங் மாய் வழியாகவும், மகா நவ்ரதா தெற்கே தெனாசரிம் வழியாகவும் வந்து 1766 தொடக்கத்தில் நகரை வளைத்தார்கள். வெள்ளம் வந்தது, படை போகவில்லை. மேட்டுத் திட்டுகளில் பாசறை அமைத்து, கரை கட்டி, படகு சேர்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முற்றுகை 14 மாதம் நீண்டது. உள்ளே அரிசி தீர்ந்தது, நோய் பரவியது. கடைசியில் மதிலின் அடிக்குச் சுரங்கம் தோண்டி, விறகை அடுக்கித் தீ வைத்தார்கள். அஸ்திவாரம் வெந்து மதில் சரிந்தது. அன்று 1767 ஏப்ரல் 7.

பிடித்த நகரை வைத்துக்கொள்ள முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அதே சமயம் சீனா யுன்னான் வழியாகப் பர்மாவுக்குள் புகுந்ததால் படையின் பெரும்பகுதி வீட்டைக் காக்க ஓடியது. அந்த வருஷம் முடிவதற்குள் சயாம் தளபதி தக்சின் மீட்டுவிட்டார்.

கேள்வி: நரேசுவன் யானை மேல் நின்று பர்மிய இளவரசரை வெட்டியது நிஜமா?
(வாசகர், புதுவயல்)

நரேசுவன் சயாம் அரசர். 1593 ஜனவரியில் நோங் சராய் சண்டையில் பர்மிய பட்டத்து இளவரசர் மிங்யி ஸ்வா யானை மேலேயே இறந்தார் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. வெட்டு என்கிறது சயாம் ஏடு. துப்பாக்கிக் குண்டு என்கிறது பர்மிய ஏடு. ஜனவரி 18 தாய்லாந்தின் படையினர் நாள். என்னைக் கேட்டால், துப்பாக்கிகள் புழங்கிய களத்தில் குண்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பிறகு சண்டை எப்படி ஓய்ந்தது?
(வாசகர், காரைக்குடி)

1785-இல் பர்மிய அரசர் போதவ்பயா ஒரு லட்சத்து 44 ஆயிரம் பேரை ஒன்பது படையாகப் பிரித்து அனுப்பினார். முக்கியப் படை வந்தது மூன்று பகோடா கணவாய் வழியே. கணவாய் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, காட்டிலும் காய்ச்சலிலும் அரிசி மூட்டையிலும். சயாம் படை மலைப்பாதை சமவெளியில் இறங்கும் லாட் யாவில் வாயை அடைத்து நின்றது. முன்னணி இறங்க முடியவில்லை, பின்னால் நின்றவர்கள் மலையிலேயே பட்டினி. ஆள் கூடக் கூட அரிசித் தேவையும் கூடும் என்பதைப் போதவ்பயா கணக்கில் எடுக்கவில்லை.

முற்றுப்புள்ளி வைத்தவர் மூன்றாம் ஆள். 1826 பிப்ரவரி 24 யாண்டபோ உடன்படிக்கையில் தெனாசரிம் கரை ஆங்கிலேயருக்குப் போனது. பர்மாவின் வாசல் அடைபட்டது. அந்தக் கரையின் மோல்மேனும், 1852 போருக்குப் பின் ஐராவதி டெல்டாவும்தான் நம் நகரத்தார் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஊர்கள். அதன் பிறகும் மோதியது சயாம்தான். 1850-களில் பர்மாவின் ஷான் நாட்டுக் கெங்துங்கைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது.

கேள்வி: மாண்டலே மகாமுனி கோயிலில் சிவன் சிலை இருக்கிறதாமே?
(வாசகி, பள்ளத்தூர்)

இருக்கிறது, அதுவும் கொள்ளையின் கொள்ளையின் கொள்ளையாக. கம்போடியாவின் அங்கோரில் வார்த்த வெண்கலங்கள் அவை. 1431-இல் சயாம் தூக்கிவந்தது. 1569-இல் பயின்னௌங் அயுத்தயாவிலிருந்து தன் தலைநகர் பெகுவுக்குக் கொண்டுபோனார். பெகு வீழ்ந்தபோது மேற்குக் கரை அரசான அரக்கான் எடுத்தது. அரக்கானை வென்று போதவ்பயா தன் தலைநகருக்குக் கொண்டுவந்தார். முப்பதாக இருந்தவற்றில் மிச்சம் ஆறு: இரண்டு சிவன், மூன்று சிங்கம், மூன்று தலை ஐராவதம் ஒன்று. தமக்கு எங்கே வலியோ சிலையில் அந்த இடத்தைத் தேய்த்தால் குணமாகும் என்று நம்புகிறார்கள். சிவனுக்கு வயிற்றுப் பக்கம் தேய்ந்து தேய்ந்து பளபளக்கிறது.