தோட்டப்புறத்திலிருந்து வந்தவர், டாக்டராக இல்லாதவர், மருத்துவ அறிவியலில் முதுகலை ஆராய்ச்சி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினவர்கள். உணவியலில் டிகிரி முடித்துவிட்டு, சுகாதார அறிவியலில் ஆய்வு வழி முதுகலை செய்தேன். என்னோடு தாதியர், மருந்தாளர், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். டாக்டர் பட்டம் வேண்டுமே என்ற கவலையை விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்.

என் தலைப்பு இனிப்புநீர். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். எங்கள் லயத்தில் கால் விரலை இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு வேறு தலைப்பு தோன்றவே இல்லை.

கேள்விப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். முறைப்படி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டும் அப்படியே ஒத்துப்போயின. சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முன்னோட்ட ஆய்வின் முதல் காலை. சாப்பிடாத வயிற்றில் இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். "காலை உணவு உண்டீர்களா?" என்று படிவத்தில் இருந்தபடி கேட்டேன். "இல்லம்மா" என்றார் பாட்டி. விரலில் குத்திப் பார்த்தால் 9.8 மில்லிமோல், சாப்பிடாத வயிற்றுக்கு அது அதிகம். எழுதிக்கொண்டு கிளம்பும்போது வாசற்படியில் ஒரு கிளாஸ் கண்ணில் பட்டது. அடியில் கெட்டிப்பால் படிந்திருந்தது.

"பாட்டி, இது எப்போ குடிச்சது?"

"விடிகாலையில. அது தேத்தண்ணிதானேம்மா, நான் இன்னும் பசியாறலையே!"

பாட்டி பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் தப்பு. நம் ஊரில் பசியாறுவது வேறு, தேத்தண்ணி குடிப்பது வேறு என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் படிவம் எழுத உட்கார்ந்தபோது தோட்டத்துக் காதைக் கழற்றி வைத்துவிட்டேன். அதுவரை சேர்ந்த விவரங்களை ஒதுக்கினோம். ஒவ்வொரு கேள்வியையும் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டோம். கடைசியில் அச்சான கேள்வி: "காலையில் எழுந்ததிலிருந்து தேத்தண்ணி, மைலோ, பிஸ்கட், வேறு எதையாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா?" அந்தத் திருத்தத்துக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை மறுபடி வாங்கினோம். ஆறு வாரம் போனது. அந்த ஆறு வாரத்தில்தான் நான் ஆராய்ச்சி கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன்.

வகுப்பில் பெரிபெரி (பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய்) பற்றிய கதை வந்தபோது இதே ஞாபகம்தான். அங்கேயும் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்ததுதான் வழி காட்டியது. சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் அந்த நோயில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். நம்மவர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, அவர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி என்பதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். பிறகு 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃப்ரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலைத் தொழிலாளர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பச்சரிசி, மறு குழுவுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசிக் குழுவில்தான் நோய் வந்தது. நம் பாட்டன்மார் தட்டில் இருந்த சோறு உலக மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. அதைக் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் ஒப்புதல் படிவம். "இதுல கைநாட்டு வச்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். தோட்டம் கைமாறி, வீட்டை இழந்தவர்களுக்குக் காகிதம் என்றால் பயம். படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உடனிருந்து, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதி ஏன் இருக்கிறது என்பது புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அந்தத் திண்ணையில் உறைத்தது. அவசரப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

நடைமுறைக்கு வருவோம். சுகாதார அமைச்சின் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ ஆய்வு என்றால், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதி மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு மாதக்கணக்கை ஒதுக்குங்கள். புள்ளியியலை முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்ற கணக்கே அதில்தான் இருக்கிறது.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தந்தார் என்று கேளுங்கள். உபகாரச் சம்பளம் கிடைத்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பம் எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.