கிராம சபைக்கு யார் போவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கேரளத்தில் பொழியூர் பக்கம். நடந்தே நீரோடிக்கு, அதாவது தமிழ்நாட்டுக்குப் போய்விடலாம். குடிநீர், கடல்சுவர், அடிதடி என்று எது வந்தாலும் பங்குக் கமிட்டிதான், அதாவது எங்கள் கோயில் சபையின் குழுதான், எங்களுக்கு. ஃபாதர் கடிதம் கொடுத்தால்தான் பஞ்சாயத்து ஆபீஸில் மதிப்பு. "நீங்கள் குடிமக்களே இல்லை, மந்தை" என்கிறார் என் கட்சிக்கார நண்பர். "கீழே இருப்பவர்களின் வேலையை மேலே இருப்பவர்கள் பிடுங்கக் கூடாது என்று போப்பே சொல்லியிருக்கிறார்" என்கிறது கமிட்டி. யார் சொல்வது சரி?

வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போப் சொன்னது உண்மைதான். கமிட்டி பாதியில் நிறுத்திக்கொண்டது.

1931 மே மாதம் போப் பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடலில் வருவது அது. சிறிய அமைப்பால் முடிகிற காரியத்தைப் பெரியது எடுத்துக்கொள்வது அநீதி என்றார். அந்த மாதக் கடைசியிலேயே முசோலினி கத்தோலிக்க இளைஞர் சங்கங்களைக் கலைத்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அதன் சூடு தெரியும். குடும்பமும் தொழிற்சங்கமும் அரசு போட்ட பிச்சையில்லை. உங்கள் நண்பருக்கு இந்தப் பகுதியைச் சொல்லுங்கள். அரசுக்கு முன்னால் ஆள் தனியாக நின்றால்தான் குடிமகன் என்று அவர் நினைக்கிறார்போல.

ஆனால் சிறியதால் முடியாத இடத்தில் பெரியது கைகொடுக்க வேண்டும் என்பதும் அதே நெறிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பார்த்தோமே. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் வருவாய்த்துறைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், திருச்சபைக்குத் திருவனந்தபுரம் மறைமாவட்டம். யார் வீட்டில் யார் திரும்பவில்லை என்று பங்குகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கணக்கும் அரசுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆழ்கடலில் தேடக் கப்பலும் விமானமும் எந்தப் பங்கிடம் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் டிசம்பரில் குழித்துறையில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது.

இன்னொன்று, கமிட்டிக்குப் பிடிக்காது. மீனவர் சங்கத்தின் முன்னால் பங்கும் பெரிய அமைப்புதான். மீன் ஏலத்தை எப்படி நடத்துவது என்று சங்கமே முடிவெடுக்க முடியும் என்றால் கமிட்டிக்கு அங்கே என்ன வேலை? எந்தச் சிக்கலுக்கும் குருவானவர் கையில் தயாராகத் தீர்வு இருக்கும் என்று பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாத நம்மைப் போன்றவர்கள், எண்ண வேண்டாம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் எழுதிவைத்திருக்கிறது. ஃபாதரிடமே கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

கேரளத்தின் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒரு வார்டின் வாக்காளர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், பத்தில் ஒருவர் வந்தாக வேண்டும். வீட்டுத் திட்டத்துக்கான பயனாளிப் பட்டியல் அங்கேதான் வருகிறது. உங்கள் கமிட்டியில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது கிராம சபைத் தேதியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குடிநீர் மனுவை ஃபாதர் கடிதம் இல்லாமல் நீங்களே பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கூட்டத்தைக் காலையில் மட்டும் வைக்க விடாதீர்கள். மீன் விற்கும் பெண்கள் அந்நேரம் சந்தையில் இருப்பார்கள்.