நிதி நின்றால் முகாமை மூடுவதா?

வணக்கம். அடுத்த வருடத்தோடு வெளிநாட்டு நிதி நிற்கிறது, பக்கத்திலேயே அரசு சுகாதார நிலையமும் வந்துவிட்டது, இனி எங்கள் நடமாடும் மருத்துவ முகாமுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு நன்கொடையாளரைத் தேடி அதே முகாமை நடத்தாதீர்கள். அரசின் வேலையை நாமே செய்துகொண்டிருந்தால், மக்களுக்கு அரசிடம் கேட்கும் பழக்கமே விட்டுப்போகும்.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1972இல் போர் நிவாரணத்துக்காகத் தொடங்கியது. 1980இலிருந்து அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்குக் கரைசல் கலக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். பிறகு வேறொருவர் போய்ச் சோதிப்பார். தாய்மாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் கூலி! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நீங்களும் அப்படித்தான், தெரிந்ததை மற்றவர்களிடம் விட்டுச்செல்ல வேண்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யார் சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பதெல்லாம் உங்கள் ஆட்களுக்குத் தெரியும். புது நிலையத்துக்குத் தெரியாது. அந்தப் பதிவேடுகளை, உரியவர்களின் சம்மதத்தோடு, அங்குள்ள செவிலியரிடம் ஒப்படையுங்கள். மருந்து இருப்பை மாதாமாதம் ஊர்க்காரர்களே விசாரிக்கப் பழக்குங்கள், செலவும் குறைவு. முக்கியமாக, ஊழியர்களிடம் நிலைமையை இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி மாதம் வரை மறைக்காதீர்கள்.