வருமான வரம்பு உயர்ந்துவிட்டதே, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை தானாக வந்துவிடுமா?

வராது. நீங்கள் எழுதியபடி, 2016-ல் இந்த அட்டை கேட்டபோது "வருமானம் கூடுதல்" என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. ரேஷன் கார்டைக் காட்டினாலே போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி அட்மிட் செய்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது உண்மை. ஆனால் அதற்கு முன் மறுக்கப்பட்டவர்களை யாரும் வீடு தேடி வந்து சேர்ப்பதில்லை. நீங்களேதான் புதிதாகப் பதிய வேண்டும்.

முதலில் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். அம்மா பெயர் யார் கார்டில் இருக்கிறதோ, அந்தக் குடும்பத்தின் வருமானம்தான் கணக்கு. அண்ணன் கார்டில் இருந்தால் உங்கள் வருமானச் சான்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணமாகித் தனிக்கார்டு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பழைய குடும்பத்தின் காப்பீட்டு எண் புதுக்கார்டோடு கூடவே வராது.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். விஏஓ விசாரணை முடிந்து தாலுகா அலுவலகம் ஒப்புதல் தரச் சில நாள் பிடிக்கும். எனவே ஆபரேஷன் தேதி குறிக்கும் வரை காத்திருக்காமல் இன்றே போடுங்கள். சான்று வந்ததும் ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், இவற்றின் நகல்களோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். அம்மாவால் வர முடியாவிட்டால், அதே கார்டில் பெயருள்ள ஒருவர் டாக்டர் கொடுத்த சீட்டோடு போய் நிலைமையைச் சொல்லிக் கேட்கலாம். அங்கே கிடைக்கும் எண்தான் முக்கியம், பிளாஸ்டிக் அட்டை பிறகு வந்தாலும் பரவாயில்லை.

பெயர்ப் பொருத்தத்தைப் போவதற்கு முன்பே சரிபாருங்கள். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, ரேஷன் கார்டில் வேறு முன்னெழுத்து என்றால் அப்ரூவல் நேரத்தில் இழுத்தடிக்கும். பிழையாகத் தட்டியவர் மறந்துபோய் வீட்டில் இருப்பார், அலைவது மட்டும் நாம். இந்த நாட்டில் ஒரு புள்ளியைத் திருத்த எத்தனை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைத் தனியாகவே எழுதலாம், விடுங்கள்.

மருத்துவமனையில் சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. சிகிச்சைக்குத் திட்டத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா? இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்க வழியில்லை. வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைச் செலவும் பொதுவாக இதில் வராது. அனுமதி வந்த பிறகும் கூடுதல் பணம் கேட்டால் 1800 425 3993-ல் புகாரைப் பதிவு செய்யுங்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர்க் குழுவும் உண்டு.

இந்தத் திட்டம் ஏற்கும் செலவின் உச்சவரம்பான ஐந்து லட்சம் ரூபாய் என்பது 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்த பிறகு வந்த தொகை. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு, ஆளுக்கு ஐந்து லட்சம் அல்ல. மத்தியத் திட்டத்தில் 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு வெளிமாநிலத்திலும் சிகிச்சை கிடைக்கும். மாநிலப் பட்டியலில் மட்டும் இருப்பவர்களுக்கு அது கிடையாது. உங்கள் குடும்பம் எதில் இருக்கிறது என்று 14555-ல் கேட்கலாம்.

"எந்த ஆட்சியைக் குறை சொல்கிறாய்" என்று கீழே கருத்துப் போட வருபவர்களுக்கு: 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும் வருமான வரம்பு 72,000தான், 2012-ல் அதற்குப் பதிலாக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும் அதேதான். 2022 வரை இரண்டு கட்சியுமே அந்த எண்ணைத் தொடவில்லை. இப்போதைய 1,20,000 என்பதும் மாதம் பத்தாயிரம். கணவன் மனைவி இருவரும் நாளுக்கு 400 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் போனால் இருபதாயிரம் வந்துவிடும்; அவர்களைப் பணக்காரர் என்று எந்த விஏஓவும் சொல்ல மாட்டார். அதனால்தான் சான்றில் எழுதும் தொகை பல ஊர்களில் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுகொள்கிறது. இதை எழுதியதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.