கம்ப்யூட்டர் கேள்வி பதில்: நவம்பர் வந்தா மக போன் ஏன் எட்டரைக்கு வருது?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மணி பத்தினது. சரி, மொத்தமா அதையே பாத்துடுவோம், பிரிண்டர் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: என் பொண்ணு நியூ ஜெர்சியில இருக்கா. ஞாயித்துக்கிழமை அவளுக்கு காலைல 10 மணி ஆனதும் கூப்பிடுவா, நமக்கு அப்போ சாயங்காலம் ஏழரை. நவம்பர் வந்தா மட்டும் எட்டரைக்குத்தான் போன் வருது, கேட்டா "இங்க இப்பவும் மணி பத்துதாம்மா"ங்கறா. அவ போன்ல மணி தானாவே மாறிக்குமாம். யாரும் சொல்லாம போனுக்கு எப்படிங்க தெரியும்? - ஒரு அம்மா, தென்காசி

பதில்: பொண்ணு சொல்றது சரிதாம்மா, தூங்கிட்டு சாக்கு சொல்லல. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல மார்ச் ரெண்டாவது ஞாயிறு விடியக்காலம் 2 மணி ஆனதும் கடிகாரத்தை 3ன்னு தள்ளி வெச்சிடுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி ஆனதும் திரும்ப 1க்கு இழுத்துடுவாங்க, கோடைல சாயங்கால வெளிச்சம் ஒரு மணி நேரம் கூட கிடைக்கட்டும்னு. நாம எதையும் மாத்தாம உக்காந்திருக்கறதால நமக்கும் நியூ ஜெர்சிக்கும் வித்தியாசம் கோடைல ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்துல பத்தரை. அந்த ஒரு மணி நேரம்தான் உங்க வீட்டு போன்ல தெரியுது.

போனுக்கு எப்படி தெரியும்னு கேட்டீங்க இல்ல, அதுதான் நல்ல கேள்வி. பொதுவா போனுக்குள்ள ஏழரை, எட்டரைன்னு எதுவும் கிடையாது. 1970 ஜனவரி 1 ராத்திரி 12 மணி, அதுவும் யூடிசின்னு சொல்ற உலகப் பொது நேரப்படி, அதுல இருந்து எத்தனை செகண்டு ஆச்சுன்னு ஒரு நம்பர், அவ்ளோதான். உங்க போன்லயும் உங்க பொண்ணு போன்லயும் இந்த நிமிஷம் அந்த நம்பர் ஒண்ணேதான். திரையில காட்டும்போது மட்டும் "இந்த ஊருக்கு எவ்ளோ கூட்டணும், எவ்ளோ கழிக்கணும்"னு ஒரு பட்டியலை பாத்து கணக்கு போட்டு காட்டும். அந்த பட்டியல்தான் இதுல விஷயமே. ஆர்தர் டேவிட் ஓல்சன்னு ஒருத்தர் 1980கள்ல ஆரம்பிச்சு வெச்சது, இப்போ பால் எகர்ட் முன்னால நின்னு பாத்துக்கறார், 2011ல இருந்து இன்டர்நெட் பேர் விவகாரங்களை பாத்துக்கற ஐகேன் அமைப்பு இடம் குடுத்து வெச்சிருக்கு. எந்த நாடு எந்த தேதில கடிகாரத்தை தள்ளுச்சு, எந்த தேதில இழுத்துச்சுன்னு ஊர் வாரியா எழுதி வெச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான் அது, உங்க பொண்ணு போன்ல இருந்து பெரிய பெரிய சர்வர் வரைக்கும் எத்தனையோ மிஷின் அதை நம்பித்தான் மணி சொல்லுது.

அரசாங்கம் விதியை மாத்தினா பட்டியலும் மாறணும், அது அப்டேட்ல வந்து சேரணும். 2007க்கு முன்னாடி அமெரிக்கால ஏப்ரல் முதல் ஞாயிறுதான் தள்ளுவாங்க, 2005ல ஒரு சட்டம் போட்டு 2007ல இருந்து மார்ச்சுக்கு கொண்டு வந்துட்டாங்க. அப்டேட் பண்ணாத பழைய மிஷின் எல்லாம் அந்த வருஷம் மூணு வாரம் ஒரு மணி நேரம் பின்னாடியே ஓடிட்டு இருந்துச்சு.

கேள்வி: லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணும்போது சென்னைன்னு தேடினா வரல, கொல்கத்தாவைத்தான் எடுக்க சொல்லுது. விண்டோஸ்ல மட்டும் சென்னை பேர் இருக்கே? - கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வடக்கு வாழுது தெற்கு தேயுதுன்னு கெளம்பிடாதீங்க தம்பி. 1970ல இருந்து ஒரே மணி காட்டிட்டு வர்ற பகுதிக்கு ஒரு பேர், அதுல ஜனத்தொகை அதிகமான ஊர் பேரை வெக்கறதுன்னு பட்டியல்காரங்க ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க, பட்டியல் போட்ட காலத்துல அந்த கணக்குல கொல்கத்தா வந்துடுச்சு. டெல்லிக்கும் மும்பைக்கும் கூட தனி பேர் கெடையாது. ஆனா வேடிக்கை என்னன்னா அந்த ஃபைல்ல கொல்கத்தாங்கற பேருக்கு கீழ படிச்சுப் பாத்தா 1870ல இருந்து 1906 வரைக்கும் யூடிசியோட 5 மணி 21 நிமிஷம் 10 செகண்டு கூட்டணும்னு இருக்கும். அது சாட்சாத் மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்து மணியைத்தான் அப்போ ரயிலுக்கு வெச்சிருந்தாங்க. பேர்ல கல்கத்தா, வயித்துக்குள்ள மெட்ராஸ். விண்டோஸ் தனக்குன்னு வேற பட்டியல் வெச்சிருக்கு, அதுல நாலு ஊர் பேரையும் சேத்து எழுதிட்டாங்க.

கேள்வி: ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் புக் பண்ற ஆப் எழுதியிருக்கேன், டீச்சர்ஸ் எல்லாம் இங்க, பசங்க லண்டன்ல. எல்லா நேரத்தையும் யூடிசில சேவ் பண்ணுன்னு படிச்சேன், அப்படியே பண்ணேன். அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டினதும் எல்லா கிளாஸும் ஒரு மணி நேரம் மாறிப்போச்சு, டீச்சர் வந்து காத்திருந்து போயிட்டாங்க, பையன் அதுக்கப்புறம் வர்றான். எங்க தப்பு? - டெவலப்பர், கோவை

பதில்: படிச்சது பாதி உண்மை. மீதி பாதியை யாரும் சொல்றதில்ல, அதனால இந்த அடி எல்லாரும் ஒரு தடவை வாங்கறோம், நானும் வாங்கினவன்தான்.

நடந்து முடிஞ்சது எதுவா இருந்தாலும், பணம் கட்டினது, லாகின் பண்ணது, மெசேஜ் வந்தது, கண்ண மூடிட்டு யூடிசில போடுங்க. நடந்த நிமிஷம் நடந்ததுதான், எந்த அரசாங்கமும் அதை மாத்த முடியாது. ஆனா இனிமே நடக்கப் போறது வேற. அந்த பையனோட அம்மா செப்டம்பர்ல "ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைல 10 மணிக்கு"ன்னு புக் பண்ணாங்க இல்லையா, அவங்க சொன்னது லண்டன் செவுத்துல மாட்டியிருக்கற கடிகாரத்துல 10. செப்டம்பர்ல லண்டன் யூடிசிக்கு ஒரு மணி நேரம் முன்னால இருந்ததால நீங்க அதை 9ன்னு மாத்தி சேவ் பண்ணிட்டு ஒவ்வொரு வாரமும் 168 மணி நேரம் கூட்டிட்டே போயிருப்பீங்க. அக்டோபர் கடைசில லண்டன் கடிகாரம் பின்னாடி வந்துடுச்சு, உங்க 9 இப்போ அங்கயும் 9தான். டீச்சர் 9க்கு, அதாவது நம்ம ரெண்டரைக்கு, கரெக்டா வந்துட்டாங்க, பையன் வழக்கம்போல அவன் ஊர் பத்துக்கு வந்தான், அது நம்ம மூணரை. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, உங்க டேட்டாபேஸ் டேபிள்தான் தப்பு.

என்ன பண்ணணும்னா, வரப்போற கிளாஸுக்கு "காலை 10"ங்கறதையும் "யூரோப்/லண்டன்"ங்கற ஊர் பேரையும் அப்படியே டேபிள்ல ரெண்டு தனி கட்டத்துல (column) வெச்சுக்கங்க. யூடிசி கணக்கை கிட்டத்துல வரும்போது போட்டுக்கலாம், தேடறதுக்கு வசதியா வேணும்னா போட்டும் வெச்சுக்கலாம், ஆனா பட்டியல் அப்டேட் ஆனா அதை அழிச்சிட்டு திரும்ப போடணும். யூடிசிக்கு ஒரு மணி நேரம் முன்னாலங்கற அர்த்தத்துல வெறும் +01:00ன்னு சேவ் பண்ணிட்டு டைம் ஜோன் சேவ் பண்ணிட்டோம்னு நெனக்காதீங்க. அது அந்த நாள் அந்த ஊர் இருந்த நெலமை, நாளைக்கு எங்க இருக்கும்னு அந்த நம்பருக்கு தெரியாது, ஊர் பேருக்குத்தான் தெரியும். டேட்டாபேஸையும் நம்பி உக்காராதீங்க, போஸ்ட்கிரெஸ்ல டைம் ஜோனோட இருக்கற டைம்ஸ்டாம்ப்னு ஒரு டைப் இருக்கே, பேர்லதான் ஜோன் இருக்கு, உள்ள யூடிசியா மாத்தி வெச்சுட்டு ஜோனை தூக்கி போட்டுடும்.

லண்டனாச்சும் பரவால்ல, தேதி முன்னாடியே தெரியும். லெபனான்ல 2023 மார்ச்சுல என்ன பண்ணாங்க தெரியுமா, கடிகாரம் தள்ள வேண்டிய ஞாயிறுக்கு மூணு நாள் முன்னாடி அரசாங்கம் "இப்போ வேணாம், ரம்ஜான் நோன்பு முடியட்டும்"னு சொல்லிடுச்சு. கிறிஸ்தவ சபைகளும் சில டிவிக்காரங்களும் ஒத்துக்கல, அவங்க பாட்டுக்கு தள்ளிட்டாங்க. சில நாளைக்கு ஒரே ஊர்ல ரெண்டு மணி, பக்கத்து பக்கத்து ஆள் கிட்ட கேட்டா வேற வேற பதில். திங்கக்கிழமை அரசாங்கம் எறங்கி வந்து சரி தள்ளிக்கலாம்னுச்சு. பட்டியல்காரங்க அந்த ஒத்திவெப்புக்குன்னு ஒரு வெர்ஷன் விட்டு அஞ்சு நாள்ல அதை ரத்து பண்ணி இன்னொரு வெர்ஷன் விட்டாங்க. அந்த வாரம் லெபனான் தலைநகர் பெய்ரூட்ல இருக்கற அப்பாயின்மென்ட்டை யூடிசில மட்டும் வெச்சிருந்த ஆப் எதை நம்பும் சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கேக்கலன்னாலும். கடிகாரம் தள்ற அன்னிக்கு நடுவுல ஒரு மணி நேரம் காணாம போகும், இழுக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் ரெண்டு தடவை வரும். நான் ஒரு கம்பெனில சர்வர் பாத்துட்டு இருந்தப்போ அமெரிக்க நேரப்படி விடியக்காலம் ரெண்டரைக்கு ஓடற பேக்கப் ஒண்ணு இருந்துச்சு. மார்ச்சுல ஒரு ஞாயிறு அது ஓடவே இல்ல, எர்ரரும் இல்ல, நான் திங்கக்கிழமை பூரா வொயரை புடுங்கி மாட்டிட்டு இருந்தேன். அன்னிக்கு அந்த ஊர்ல ரெண்டரை மணின்னு ஒண்ணு வரவே இல்லைங்கறது சாயங்காலம்தான் மண்டைல ஏறுச்சு. நவம்பர்ல வேற கூத்து, சர்வர் எழுதி வெக்கற பதிவுல (log) 1:58க்கு அப்புறம் 1:03ன்னு வருது, ஏதோ வைரஸ் மணியை மாத்திடுச்சுன்னு பயந்துட்டோம். அதுக்கப்புறம் ராத்திரி வேலை எதையும் அந்த ஒண்ணுல இருந்து மூணுக்குள்ள நான் வெக்கறதே இல்ல.

கேள்வி: இந்த தள்ளல் இழுக்கல் எல்லாம் எப்பத்தான் ஒழியும்? - வாசகர், பாண்டிச்சேரி

பதில்: ஐரோப்பிய பாராளுமன்றம் 2021ல நிறுத்திக்கலாம்னு 2019லயே ஓட்டு போட்டுச்சு, ஆனா 2021 வந்தப்பவும் வழக்கம்போல தள்ளினாங்க. மெக்சிகோ 2022ல பெரும்பாலான எடத்துல விட்டுடுச்சு, எகிப்து விட்டுட்டு 2023ல திரும்ப புடிச்சிக்கிச்சு. நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

கேள்வி: நான் 2001ல வன்னியில பிறந்தனான், இப்ப டொரொன்டோவில இருக்கிறன். காலமை 6:10க்கு பிறந்தனான் எண்டு அம்மா சொல்லுறா. சாதகம் பாக்கிற ஆப்பில இலங்கை எண்டு போட்டா ஒரு லக்கினம், இந்தியா எண்டு போட்டா வேற லக்கினம் வருது. ஆப் பிழையோ?

பதில்: லக்கினம் பத்தி நான் வாயே திறக்கறதா இல்ல, ஆனா மணி கணக்கு சொல்ல முடியும், ஆப் மேல தப்பில்ல. இலங்கை கரண்ட் பற்றாக்குறைல 1996 மே மாசம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளுச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல அரை மணி கொறச்சு யூடிசிக்கு 6 மணி நேரம் முன்னாலன்னு வெச்சுக்கிச்சு, 2006 ஏப்ரல்லதான் திரும்ப அஞ்சரைக்கு வந்துச்சு. ஆனா புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதில அந்த மாத்தத்தை ஏத்துக்கவே இல்ல, பத்து வருஷமும் பழைய அஞ்சரைதான். அதனால கொழும்புல 6:40 ஆகும்போது வன்னில மணி 6:10. ஆப்ல இலங்கைன்னு போட்டா அது 2001க்கு கொழும்பு கணக்கை எடுத்து, நீங்க அரை மணி முன்னாடியே பொறந்ததா நெனச்சுக்கும். பட்டியல் ஃபைல்லயே இதுக்கு ஒரு குறிப்பு இருக்கு, தமிழர் கட்டுப்பாட்டு பகுதில இருந்தவங்க கொல்கத்தாவை எடுத்துக்கலாம்னு.

நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு உண்டு, ரெண்டாம் உலகப்போர்ல 1942 செப்டம்பர் 1ல இருந்து 1945 அக்டோபர் 15 வரைக்கும் இந்தியா முழுக்க ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருந்தாங்க, அந்த காலத்து தாத்தா பாட்டி ஜாதகத்தை எடுத்தா பழைய ஜோசியருங்க ஞாபகமா ஒரு மணி கழிப்பாங்க, பல ஆப் கழிக்கறதில்ல.

ஆனா ஒண்ணு, அம்மா கிட்ட கேட்டுக்கங்க. ஆஸ்பத்திரி செவுத்து மணியா, வீட்டு மணியா, எந்த பக்கத்து ஊர்ல இருந்தாங்க அன்னிக்கு. வீட்ல பழைய நேரமே வெச்சிருந்தோம்னு சொன்னாங்கன்னா ஊரு எடத்துல வன்னியோட அட்சரேகை தீர்க்கரேகையை குடுத்துட்டு, நேரத்துக்கு மட்டும் +5:30ன்னு கையால போடுங்க. இந்தியான்னு எடுத்தா அது ஊரையும் சேத்து தூக்கிட்டு போயிடும்.